அவளுக்கு ஓட்டத் தெரியும்

இந்தக் கடற்கரைக் காற்றைப் பற்றி நான் ஒரு குறையும் சொல்ல மாட்டேன், மேடம். காலையில் சோம்பலாக எழும். சாப்பாட்டு நேரத்துக்குள் ஒரு நிதானத்துக்கு வந்துவிடும். பொழுது சாயும்வரை பேச்சு மாறாமல் ஒரே பக்கமாக வீசும். மனிதர்களில் அப்படி யாரையாவது நீங்கள் பார்த்திருக்கிறீர்களா?

நேற்று ஆஸ்பத்திரி வராந்தாவில் உங்கள் ஸ்டேஷன் ஆள் ஒருவர் என் பக்கத்தில் உட்கார்ந்து ஆறுதல் சொன்னார். நல்ல மனிதர். "பாவம் சார், உங்க பொண்ணுக்குச் சரியா ஓட்டத் தெரியல போல" என்றார். அந்தப் பேச்சு ராத்திரி முழுக்க முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது. அதனால்தான் வந்தேன். யாரும் என்னைக் கூப்பிடவில்லை, நானாகத்தான் வந்திருக்கிறேன். அவர் சொன்னது தவறு. என் மகளுக்கு ஓட்டத் தெரியும். அதை நீங்கள் திருத்தி எழுத வேண்டும். எதனால் தவறு என்று கேட்பீர்கள். அதற்கு முதலிலிருந்து சொல்ல வேண்டும்.

நான் லிஃப்ட் பராமரிப்பில் இருக்கிறேன். உயரமான கட்டடங்கள், ஆஸ்பத்திரிகள், அலுவலகங்கள். லிஃப்டுக்குள் ஒரு சிவப்புப் பொத்தான் இருக்கும், பார்த்திருப்பீர்கள். இத்தனை வருட அனுபவத்தில் சொல்கிறேன், ஆபத்து வந்து அதை அழுத்துகிறவர்கள் கொஞ்சம்தான். பயம் வந்து அழுத்துகிறவர்களே அதிகம். லிஃப்ட் லேசாக ஒரு உதறு உதறும், உடனே கை அங்கே போய்விடும். நாங்கள் போய்ப் பார்த்தால் இயந்திரத்தில் ஒரு கோளாறும் இருக்காது. பேசாமல் நின்றிருந்தால் தானாக மேலே போயிருப்பார்கள்.

நானும் அவள் அம்மாவும் பிரிந்தபோது அவளுக்குப் பன்னிரண்டு வயது. பெரிய சண்டை சச்சரவு எதுவும் கிடையாது. "உங்ககூட இருந்தா நான் எதையோ தப்பாவே செஞ்சுகிட்டு இருக்கற மாதிரி இருக்கு" என்றாள் என் மனைவி. தவறு இருந்தால் எடுத்துச் சொல்வேன், அவ்வளவுதான். குரலை உயர்த்தியதே இல்லை. கோர்ட்டில் மகள் அம்மாவோடு என்றும், பெரிய விடுமுறையில் ஒரு வாரம் அப்பாவோடு என்றும் தீர்ப்பானது. ஒரு வாரம். தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

முதல் விடுமுறைக்கு இந்தக் கடற்கரைக்குத்தான் கூட்டி வந்தேன். இரண்டு கட்டில் போட்ட அறை, கடலைப் பார்த்த பால்கனி, இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி. எதிரெதிரே உட்கார்ந்து ஐஸ்கிரீமைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஸ்கூல் எப்படி என்று கேட்டேன். நல்லா இருக்கு என்றாள். சிநேகிதிகளெல்லாம்? நல்லா இருக்காங்க. அதோடு எங்கள் பேச்சு தீர்ந்துவிட்டது. மறுநாள் கேட்பதற்குக் கேள்விகளை ராத்திரி ஒரு காகிதத்தில் எழுதிவைத்தேன். சொந்த மகளிடம் பேச விஷயம் தேடுகிற நிலைமை உங்களுக்கு வரக் கூடாது, மேடம்.

மறுநாள் காலையில் கடலில் பாய் கட்டிய பலகைகள் போவதைப் பார்த்தேன். நின்றுகொண்டே ஓட்டுகிறார்கள். கற்றுக்கொடுக்கவும் ஒருவர் இருந்தார். எல்லோரும் மாஸ்டர் என்று கூப்பிடுவார்கள். இன்றுவரை அவர்தான் அங்கே இருக்கிறார். நாங்கள் இருவரும் சேர்ந்தோம். நான் பாயைத் தூக்குவதற்குள் பாய் என்னைத் தூக்கிக் கவிழ்த்துவிடும். தண்ணீரிலிருந்து தலையை நீட்டியபோது அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். "அப்பா, நீங்க விழறதுக்கு முன்னாடி பலகைகிட்ட மன்னிப்புக் கேக்கற மாதிரி ஒரு முகம் வைக்கறீங்க" என்றாள். அவள் அம்மாவும் நானும் பிரிந்த பிறகு அவள் என்னைப் பார்த்துச் சிரித்தது அதுதான் முதல் தடவை. அந்தச் சிரிப்புக்காகவே நான் திரும்பத் திரும்ப விழுந்தேன். சில தடவை வேண்டுமென்றே.

அவளும்தான் விழுந்தாள். ஆனால் தண்ணீரைச் சிலுப்பிக்கொண்டு வாத்து மாதிரி எழுந்து நிற்பாள். அன்றிலிருந்து அவள் எனக்கு வாத்து. வேறு யாரும் அவளை அப்படிக் கூப்பிட்டதில்லை.

அப்புறம் எங்களுக்குப் பேச்சுக்குப் பஞ்சமில்லை. கால் எங்கே வைப்பது, பாயை எவ்வளவு சாய்ப்பது, திரும்பும்போது பார்வை எங்கே இருக்க வேண்டும். ஒவ்வொரு வருடமும் போன வருடம் விட்ட இடத்திலிருந்து தொடங்குவோம். கொஞ்ச வருடத்தில் என் முழங்கால் பிசகியது. இனிப் பலகையில் ஏறக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நான் கரைக்காரன் ஆனேன். அது எனக்குப் பிடித்துத்தான் இருந்தது. சாமான்களைப் பூட்டுவது, காற்றுப் பார்ப்பது, அவள் செய்வதைக் கவனித்துத் திருத்துவது. நல்ல பராமரிப்பு ஆள் ஓட்டுகிறவனைவிட மேல்.

பிறகு பாய் போய்ப் பட்டம் வந்தது. நீங்கள் பார்த்திருப்பீர்கள். அறை அகலத்துக்குக் காற்றடைத்த பெரிய பட்டம், நீண்ட கயிறுகள், கையில் ஒரு கோல், இடுப்பில் பட்டை, காலடியில் ஒரு சின்னப் பலகை. கோலை நெஞ்சுப் பக்கம் இழுத்தால் பட்டம் பலமாக இழுக்கும், தள்ளினால் தளரும். நன்றாகப் பழகியவர்கள் தண்ணீரிலிருந்து துள்ளி ஒரு மாடி உயரத்துக்குப் போய் மெதுவாக இறங்குவார்கள். அதைப் பார்த்த அன்றே எனக்குத் தெரிந்துவிட்டது, என் மகள் இதைச் செய்ய வேண்டும் என்று.

அந்தக் கோலுக்குக் கீழே, இடுப்புப் பட்டையில் மாட்டுகிற இடத்தில், சிவப்பு நிறத்தில் ஒரு பிடி இருக்கும். அதை முன்னால் தள்ளினால் இணைப்பு கழன்றுவிடும். பட்டம் செத்த காகம் மாதிரி தண்ணீரில் விழுந்துவிடும். மாஸ்டர் முதல் நாள் முழுக்க அதைத்தான் சொல்லிக்கொடுத்தார். கண்ணை மூடிக்கொண்டு தள்ளு, தலைகீழாகக் கிடந்தபடி தள்ளு. வாத்து அதை மட்டும் ஒரே நாளில் கற்றுக்கொண்டுவிட்டாள்.

சிக்கல் அங்கேதான் தொடங்கியது. கொஞ்சம் பலமாக ஒரு காற்று வந்து இழுக்கும். பலகை எழும்பப் பார்க்கும். துள்ள வேண்டிய நேரம் அதுதான். அவள் கை சிவப்புப் பிடிக்குப் போய்விடும். பட்டம் விழும். நான் கரையில் நின்று பார்த்துக்கொண்டிருப்பேன். வருடா வருடம் இதே கதை. நிற்கத் தெரியும், திரும்பத் தெரியும், காற்றை எதிர்த்துக் கிளம்பின இடத்துக்கே வரத் தெரியும். அந்தக் கடைசி ஒரு படி மட்டும் ஏறவில்லை. மாஸ்டரிடம் சொல்லிப் பார்த்தேன். அவர் அலட்டிக்கொள்ளவில்லை. "அவ சரியாத்தான் பண்றா சார். விட்டுடணும்னு தோணினா விட்டுடணும். துள்ளலைன்னா என்ன, குடியா முழுகிடும்?" என்றார். கற்றுக்கொடுக்கிறவரே இப்படிச் சொன்னால் பிள்ளைகள் எப்படி முன்னேறும்?

பதினெட்டு வயதில் கோர்ட் உத்தரவு முடிந்துபோனது. அதன் பிறகும் அவள் வந்தாள். யாரும் கட்டாயப்படுத்தவில்லை. வேலைக்குப் போன பிறகும் வந்தாள். காது கேட்பதைச் சோதிக்கிற வேலை அவளுக்கு. வயதானவர்களை ஒரு கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்துச் சின்னச் சின்னச் சத்தங்களைக் கேட்கவைப்பாள். கேட்டதும் கையைத் தூக்க வேண்டும். கேட்காமலே கையைத் தூக்குகிறவர்கள் உண்டாம். அவர்களைக் கண்டுபிடிப்பதுதான் கஷ்டம் என்பாள்.

வருடத்தின் மிச்ச நாளை நான் எப்படிக் கழித்தேன் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. வேலைக்குப் போனேன், வந்தேன். அவளுக்காகச் சொந்தமாகவே பட்டம் வாங்கிவிட்டேன், சின்னதாக ஒன்று, பெரிதாக ஒன்று. ஞாயிற்றுக்கிழமைகளில் பெரியதைக் கூடத்தில் விரித்துக் காற்றடைத்து எங்காவது ஓட்டை இருக்கிறதா என்று பார்ப்பேன். அது கூடத்தை அடைத்துக்கொண்டு நிற்கும். டி.வி. பக்கம் போக முடியாது. அதன் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டுச் சாப்பிடுவேன். வீட்டில் இன்னொரு ஆள் இருப்பது மாதிரி இருக்கும். துள்ளுகிற வித்தையைக் காட்டும் வீடியோக்களை அவளுக்கு அனுப்புவேன். கட்டை விரலைத் தூக்கிக் காட்டும் படம் ஒன்று பதிலாக வரும். எனக்கு அது போதும்.

இந்த வருடம் அவள் வந்திறங்கியபோதே முகம் வேறு மாதிரி இருந்தது. இரண்டு நாள் நல்ல பிள்ளையாக ஓட்டினாள். ஆனால் மனம் அதில் இல்லை. சாயங்காலம் ஹோட்டல் சாப்பாட்டு அறையில், ஜன்னல் பக்கத்து மேசையில் வைத்துச் சொன்னாள். ஒரு பையன். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். வாத்துக்கு வாத்தியாரா என்றேன். சிரித்தாள். இருவருமாகச் சிரித்தோம். எனக்குச் சந்தோஷம்தான், மேடம். அதை எழுதிக்கொள்ளுங்கள். நான் அவள் கல்யாணத்துக்கு எதிரி இல்லை.

பிறகு அவள் கையிலிருந்த ஸ்பூனைக் கீழே வைத்தாள். அவனுக்கு வேறு தேசத்தில் வேலை கிடைத்திருக்கிறது. பதிவுக் கல்யாணம் முடித்ததும் இருவரும் போகிறார்கள். "இனிமே இங்க வர முடியாதுப்பா. இதுதான் கடைசி" என்றாள்.

அங்கேயும் கடல் இருக்குமே என்றேன். நான் அங்கே வருகிறேன், பட்டங்களையும் எடுத்துக்கொண்டு வருகிறேன் என்றேன். அவள் என் கையைப் பிடித்தாள். மிகவும் மெதுவாகப் பேசினாள். வேலையில் அப்படிப் பேசிப் பழக்கம்.

"அப்பா, நான் ஒண்ணு சொன்னா வருத்தப்படக் கூடாது. எனக்கு இது பிடிக்காது. முதல் வருஷத்துலேர்ந்தே பிடிக்காது. அந்தப் பட்டம் இழுக்கறப்போ ஒவ்வொரு தடவையும் செத்துடுவேன்னு தோணும். உங்களுக்கு வேற எதுவும் இல்லையேன்னுதான் வந்துகிட்டு இருந்தேன்."

நான் வருத்தப்படவில்லை. சாப்பிட்டு முடித்தேன். அவளுக்கு வெண்ணெய் எடுத்துக் கொடுத்தேன். அறைக்குத் திரும்பிப் போகும்போது யோசித்துப் பார்த்தேன். அவள் சொன்னதில் பொய் இல்லை, ஆனால் காரணத்தை அவள் தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறாள். பிடிக்காதது பட்டம் இல்லை, பயம். பயத்துக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று அவள் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. பார்க்கவிடாமல் அந்தச் சிவப்புப் பிடி குறுக்கே நிற்கிறது. ஒரே ஒரு தடவை துள்ளிவிட்டால் போதும், அவளே அடுத்த வருடம் எப்போது என்று கேட்பாள். அந்தப் பையனையும் கூட்டி வருவாள். இதில் என்ன தவறு இருக்கிறது, சொல்லுங்கள். கையில் இருந்த ஒரே ஒரு வாரம், மேடம். அது போகிறது என்றால் மனிதன் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பானா?

காலையில் காற்று வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிகம். விட்டுவிட்டு அறைகிற காற்று. மாஸ்டர் தன்னிடம் படிக்கிறவர்களைக் கரையேற்றிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் இன்றைக்கு வேண்டாம், பின்னால் மேகம் கறுத்திருக்கிறது என்றார். சரி என்றேன். அறைக்குப் போய் வாத்திடம், மாஸ்டர் போகலாம் என்று சொல்லிவிட்டார், கடைசியாக ஒரு தடவை எனக்காக ஓட்டிக் காட்டு என்றேன்.

அவள் ஜன்னல் வழியாகக் கடலைப் பார்த்தாள். மறுப்பாள் என்று நினைத்தேன். முந்தின நாள் சாயங்காலம் பேசியது அவள் மனதை அறுத்துக்கொண்டிருக்க வேண்டும். "சரிப்பா. உங்களுக்காக" என்றாள். என் கன்னத்தைத் தட்டிவிட்டு உடை மாற்றப் போனாள்.

சாமான்களை எப்போதும் நான்தான் பூட்டுவேன். சிவப்புப் பிடியைக் கொஞ்சம் இறுக்கினேன். உடனே கழலாமல் ஒரு நொடி யோசிக்கவைக்கும், அவ்வளவுதான் என் எண்ணம். எங்கள் தொழிலிலும் இது உண்டு. லிஃப்டைச் சோதிக்கும்போது பாதுகாப்பு அமைப்பைச் சிறிது நேரம் நாங்களே கட்டிப்போடுவோம். வாசலில் ஒரு எச்சரிக்கைப் பலகையைத் தொங்கவிட்டுவிட்டு வேலையைப் பார்ப்போம். முடிந்ததும் எடுத்துவிடுவோம்.

எதை வைத்து இறுக்கினேன் என்று கேட்கிறீர்கள். டேப்பால்தான். ஒயர் சுற்றுகிற டேப். சுற்றின பிறகு தள்ளிப் பார்த்தேன். ஒரு கையால் முடியவில்லை. இரண்டு கையாலும் தள்ளினேன். முடியவில்லை. சரியாக இருக்கிறது என்று வைத்துவிட்டேன். பையில் கறுப்பு டேப்பும் இருந்தது, சிவப்பு டேப்பும் இருந்தது. சிவப்பை எடுத்தேன். பார்க்க ஒழுங்காக இருக்கும் என்று.

இல்லை, அதுவும் சரியாகச் சொல்லிவிடுகிறேன். அவள் கண்ணில் படக் கூடாது என்றுதான். பட்டிருக்காது, அது வேறு விஷயம். அவள் சரிபார்க்க மாட்டாள். அப்பா பூட்டினால் சரியாக இருக்கும் என்று பன்னிரண்டு வயதிலிருந்தே அவளுக்கு ஒரு நம்பிக்கை.

சின்னப் பட்டத்தை உறையிலேயே விட்டுவிட்டுப் பெரியதை எடுத்துக்கொண்டேன். துள்ளுவதற்குப் பெரியதுதான் நல்லது. இடுப்புப் பட்டையில் ஒரு சின்னக் கத்தி செருகியிருக்கும், கயிறு சிக்கினால் அறுத்துவிடுவதற்கு. அது அவள் விலாவில் இடிக்கிறது என்று முன்பு ஒரு தடவை சொல்லியிருக்கிறாள். எடுத்து என் பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன்.

மாஸ்டரின் இடத்திலிருந்து கொஞ்சம் தள்ளி, அலையைத் தடுக்கக் கற்கள் கொட்டியிருக்கிறார்களே, அதற்கு இந்தப் பக்கம் இறங்கினோம். அவர் கண்ணில் பட்டால் வீணாகப் பேச்சு வளரும். இடுப்பளவு தண்ணீரில் அவள் நின்றாள். நான் பட்டத்தை உயர்த்திவிட்டு அவள் பின்னால் வந்து இடுப்புப் பட்டையின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன். கிளம்பும்வரை அப்படிப் பிடிப்பது வழக்கம்தான்.

ஒரு காற்று வந்தது. அவளை அரை அடி தூக்கிவிட்டது. என் குதிகால் மணலில் இழுபட்டது. அவள் கை சிவப்புப் பிடிக்குப் போனது. தள்ளினாள். இன்னொரு தடவை தள்ளினாள். ஏதோ சொன்னாள். காற்றுச் சத்தத்தில் எனக்குச் சரியாகக் கேட்கவில்லை.

நீங்கள் அப்படிப் பார்க்க வேண்டாம், மேடம். கேட்டது. அவள் வாய்க்கும் என் காதுக்கும் ஒரு முழம்கூட இல்லை. "அப்பா, கழறல" என்றாள். பயந்த குரல் இல்லை. ஒரு சாமான் கெட்டுப்போனதை என்னிடம் சொல்கிற குரல். நான் சரிசெய்துவிடுவேன் என்று நினைத்துத்தான் சொன்னாள்.

பயப்படாதே, நான் பிடித்திருக்கிறேன் என்றேன். அடுத்த காற்று இன்னும் பலமாக இருந்தது. அவள் கை இடுப்பைத் தடவியது, கத்தி இருக்கும் இடத்தை. அங்கே இல்லை என்றதும் திரும்பி என்னைப் பார்த்தாள். "கத்திப்பா. கயிறை அறுங்கப்பா."

என் ஒரு கை சும்மாதான் இருந்தது. பாக்கெட் அந்தப் பக்கம்தான். பாக்கெட்டுக்குள் கையை விட்டேன், கத்தி விரலில் தட்டுப்பட்டது. அந்த நேரத்தில் எனக்கு என்ன தோன்றியது என்று நேர்மையாகச் சொல்கிறேன். இப்போது அறுத்தால் எல்லாம் முடிந்தது. கரைக்குப் போவோம், பெட்டி கட்டுவோம், பஸ் நிலையத்தில் ஒரு கட்டிப்பிடிப்பு. கல்யாணத்தன்று ஒரு போட்டோ. பிறகு கூடத்தில் நானும் அந்தப் பட்டமும். அறுக்காவிட்டால் இன்னும் ஒரு வழி பாக்கி இருந்தது. பாக்கெட்டிலிருந்து கையை வெறுமனே எடுத்தேன்.

"மேல பாரு. கோலை இழு. நெஞ்சோட இழு. நான் சொல்றேன்ல" என்றேன்.

தள்ள வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். பட்டம் அடங்காதபோது கோலைத் தள்ளத்தான் வேண்டும், அது பாலபாடம். அவள் ஒரு கணம் என் முகத்தைப் பார்த்தாள். அப்பா சொன்னால் ஏதோ காரணம் இருக்கும் என்று எடுத்துக்கொண்டாள் என்று நினைக்கிறேன். இழுத்தாள். முழுசாக, நெஞ்சோடு. முழங்கை ஒட்டி, முதுகு நிமிர்ந்து, பார்வை பட்டத்தில். இத்தனை வருடமாக நான் சொல்லிச் சொல்லி வராதது அன்றைக்கு அச்சு அசலாக வந்தது.

என் கையிலிருந்து அவள் நழுவிப் போனாள் என்று மாஸ்டர் உங்களிடம் சொல்லியிருப்பார். தூரத்திலிருந்து அப்படித்தான் தெரிந்திருக்கும். என் கைகள் லிஃப்ட் கயிறு பிடித்த கைகள், மேடம். பிடி அவ்வளவு சீக்கிரம் நழுவாது. நான் விட்டேன்.

அவள் ஏறினாள். யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். இந்தக் கடற்கரையில் யாரும் அவ்வளவு உயரம் போய் நான் பார்த்ததில்லை. தென்னை உயரத்துக்கு மேல். அங்கே போனதும் ஒரு கணம் நின்றாள், காற்றில் நிற்பது மாதிரி. ஒரு சத்தம் கேட்டது. கரையில் இருந்தவர்கள் அலறல் என்கிறார்கள். அப்பனுக்குத் தெரியாதா? சிரிப்பு அது. எனக்கு நன்றாகக் கேட்டது.

பிறகு காற்று அவளைக் கற்கள் பக்கம் கொண்டுபோய்விட்டது. அது காற்றின் குற்றம். இறங்குகிற இடத்தைத் தேர்ந்தெடுப்பது அடுத்த பாடம், அது வரைக்கும் நாங்கள் வரவில்லை.

மாஸ்டர்தான் முதலில் ஓடினார். கயிறுகளை அறுத்தார். எல்லோரும் அவளைச் சுற்றி நின்றார்கள். ஆம்புலன்சுக்கு யாரோ போன் பண்ணினார்கள். நான் கோலை எடுத்துத் தனியாகப் போய், உட்கார்ந்து டேப்பைப் பிரித்தேன். வேலை முடிந்ததும் கட்டினதை அவிழ்த்துவிட வேண்டும், அது என் பழக்கம். பிசின்கூட ஒட்டாமல் துடைத்து வைத்தேன். அதனால்தான் உங்கள் ஆட்கள் பார்த்தபோது எல்லாம் சரியாக வேலை செய்தது. சாமானில் குறையில்லை, ஆகவே ஓட்டினவளுக்குத்தான் தெரியவில்லை என்று முடிவு கட்டிவிட்டார்கள். அந்த டேப் உருண்டை இதோ இருக்கிறது. மேசையில் வைக்கிறேன்.

நினைவு திரும்பியதும் அவளும் உங்களிடம் அப்படித்தான் சொன்னாளாமே. பயத்துல நான்தான் தப்பா இழுத்துட்டேன், அப்பா மேல தப்பு இல்ல என்று. அவள் எப்போதும் இப்படித்தான், தன்னைத் தானே குறைத்துப் பேசுவாள். என்னை அறைக்குள் விட வேண்டாம் என்று நர்சிடம் சொன்னதும் அவள்தானாம். அழுத முகத்தை எனக்குக் காட்ட அவளுக்குப் பிடிக்காது, சின்ன வயதிலிருந்தே. அவள் அம்மா வந்திருக்கிறாள். என்னைப் பார்த்தாள், பார்த்துக்கொண்டே இருந்தாள், பிறகு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அந்தப் பையன் வார்டு வாசலில் உட்கார்ந்திருக்கிறான். போய்விடுவான் என்று நினைத்தேன். இன்னும் போகவில்லை. பார்ப்போம்.

இடுப்புக்குக் கீழே உணர்ச்சி திரும்பாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மற்றபடி அவள் நன்றாக இருக்கிறாள். தெளிவாகப் பேசுகிறாள், கைகள் இரண்டும் வேலை செய்கின்றன. உடனடியாக வேறு தேசத்துக்கெல்லாம் போக முடியாது. அதை நினைத்து யாரும் அவள் மனதை வருத்தாமல் இருந்தால் நல்லது.

நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். டேப் சுற்றினது நான். கத்தியை எடுத்தது நான். பிடியை விட்டது நான். என்னை என்ன செய்ய வேண்டுமோ செய்யுங்கள், மறுக்க மாட்டேன். ஆனால் அவளுக்கு ஓட்டத் தெரியவில்லை என்கிற அந்த வரி மட்டும் வேண்டாம். அடுத்த தடவை புதிதாகத் தொடங்குகிறபோது அவள் மனதில் அப்படி ஒரு எண்ணம் இருக்கக் கூடாது.

கால் விளங்காதவர்களும் ஓட்டுகிறார்கள், மேடம். இருக்கை வைத்த பலகைகள் இருக்கின்றன, உட்கார்ந்தபடியே ஓட்டலாம். இங்கே வருகிற வழியில் கடையில் விசாரித்துவிட்டேன். இடுப்பை இறுக்கிக் கட்டிவிடுவார்களாம், விழவே மாட்டாள்.